பதினான்கு மணி, லிஸ்பன் நேரம்

என் வேலை ஒரு மணியைத் தேடுவது.
மாதத்துக்கு ஒன்று போதும்.
எட்டு நாடும் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று.
அல்கான்தராவில் நான் மதியச் சாப்பாட்டுத் தட்டைக்
கழுவிக் கவிழ்க்கும்போது
ரியோ பிராங்கோவில் ஜோசிலேனி
தலை துவட்டியபடி வந்து உட்காருவாள்,
பிரையாவில் உச்சிவெயில்,
மபூட்டோவில் எற்பாடு சாயத் தொடங்கும்,
திலியில் யாமம்.

ஒரே மொழிதான்.
ஆனாலும் கூட்டம் தொடங்கினால்
ஒருத்தி போம் தீயா என்கிறாள்,
நாலைந்து பேர் போவா தார்தெ,
கடைசிச் சதுரத்திலிருந்து ஒரு குரல், தாழ்ந்து,
வீட்டில் யாரையும் எழுப்பிவிடாமல்,
போவா நோய்தெ.
எல்லோர் சொல்வதும் சரி.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லகராதி செய்கிறோம்.
இரண்டு மாதமாகப் பேருந்திலேயே நிற்கிறோம்.
நான் அவுட்டோகார்ரோ என்றால்
ஜோசிலேனிக்கு அது ஓனிபுஸ்.
லுவாண்டாவின் கியாலா
மஷிம்போம்போ என்று வாய் நிறையச் சொல்லித்
தானே சிரித்துக்கொள்கிறார்.
எங்களுக்குத் தொக்கா-தொக்காதான் வரும்,
அதுவும் வந்தால், என்கிறாள் பிஸ்ஸாவின் ஃபாந்தா.
அகாபிட்டோவின் முறை வருவதற்குள்
திலியில் நள்ளிரவு தாண்டிவிடும்.
நாங்கள் வியாழனில் இருக்க
அவர் வெள்ளியிலிருந்து பேசுவார்.
மிக்ரோலெட், என்றார்.
எழுதிக்கொண்டேன்.
நாளையிலிருந்து வந்த சொல்.

அக்டோபர் கடைசி ஞாயிறு
கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவோம்.
எட்டில் நாங்கள் மட்டும்.
மற்ற ஏழு பேருக்கும் அறிவிப்பு அனுப்புவது என் பொறுப்பு.
இந்த முறை அனுப்பவில்லை.
பல்வலி என்று சொல்லலாம்.
மறந்துவிட்டேன்.

வியாழன். ஒன்று இருபது.
மத்தி மீன் வைத்த ரொட்டியைப் பிரித்தபடி
சும்மா திரையைத் திறந்தேன்.
அகாபிட்டோ இருந்தார்.
தனியாக. சட்டைக் காலருக்குப் பொத்தான் போட்டு.
மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.
அவர்களுக்குப் பகல், வேறு வேலை உண்டு.
இவருக்குப் போய்விட்டுத் திரும்ப
தூக்கத்தைத் தவிர வேறு இடமில்லை.

போவா தார்தெ என்றேன்.
போவா நோய்தெ என்றார்.
மன்னிப்புக் கேட்டேன்.
அவருக்குப் பின்னால் தகரக் கூரையில் முதல் மழை.
சாப்பிடுங்கள், என்றார், மீன் ஆறிவிடும்.
அது டப்பா மீன் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

எங்கோ சுவரில் ஒரு பல்லி
டொக்கே என்றது.
பேச்சை நிறுத்தி விரல்விட்டு எண்ணினார்.
ஏழு வந்தால் நல்லதாம்.
ஐந்தில் நின்றது.
பாதகமில்லை, என்றார், அது உங்கள் ஊர்க் கணக்கில் எண்ணியிருக்கும்.

அடுத்த ஆண்டு உங்களுக்கு ஏற்ற நேரம் வைக்கிறேன்,
காலை ஒன்பது, என்றேன்.
மனதுக்குள் மபூட்டோவின் செலிஸ்தாவை
இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக்கொண்டே.
வேண்டாமே, என்றார்.
மகள் தூங்கிவிடுவாள், மின்விசிறியும் நானும்தான்.
இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் நேரம்
நீங்கள் கொடுத்ததுதான்.
இத்தனை வருடம் நான் அவருக்காக
வருத்தப்பட்டது வீண்.

நாற்பது நிமிடம்.
மகளுக்கு முன்பல் விழுந்தது பற்றி,
உப்பு விலை பற்றி,
எங்கள் ஆற்றின் நிறம் பற்றி.
பிறகு இரண்டு மணி அடித்தது,
ஒவ்வொரு சதுரமாக விளக்கேறியது,
தாமதத்துக்கு என்னைத் திட்டினார்கள்.

ஞாயிறன்று ஊரே தூங்கிக் கழித்த
அந்த உபரி மணி
எனக்கு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.
கூட்டக் குறிப்பில் அது இல்லை.
மார்ச்சில் திருப்பிக் கேட்பார்கள்.
கொடுக்க வேண்டியதுதான்.
என்னிடம் இருபது நிமிடம்தான் மிச்சம்.